உயிரியல் படிக்காதவர் நியூரோசயின்ஸ் முதுகலைக்குப் போகலாமா?

கேள்வி இது. இளங்கலையில் இயற்பியல், கணினி, உளவியல், பார்மசி, மொழியியல் என்று ஏதோ ஒன்றைப் படித்தவர் முதுகலையில் நியூரோசயின்ஸ், அதாவது மூளையையும் நரம்பு மண்டலத்தையும் ஆராயும் நரம்பியல், எடுக்க முடியுமா? எடுத்தால் வகுப்பில் தாக்குப்பிடிக்க முடியுமா? சேர்வதற்கு முன்னால் எதைப் படித்து வைக்க வேண்டும்?

முடியும். உயிரியல், உளவியல், இயற்பியல், கணிதம், பொறியியல், மருத்துவம் எல்லாவற்றையும் தகுதியாக ஏற்கும் முதுகலைப் படிப்புகள் பல நாடுகளில் இருக்கின்றன. ஆனால் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிட்டால், பொருந்தாத பாடத்திட்டத்தில் போய் மாட்டிக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. மூளையைப் பற்றிய எந்தக் கேள்வி உங்களை விடாமல் பிடித்திருக்கிறது? அதற்கு உதவும் எந்தக் கருவி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, எது இல்லை? இந்த இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரவேண்டிய பேச்சு.

நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நினைவாற்றலை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். 1953-ல் ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவதற்காக, மூளையின் இரண்டு பக்கத்திலும் உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை அறுவை செய்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவரைச் சோதித்த பிரெண்டா மில்னர் ஓர் உளவியலாளர். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை மொலைசனுக்குக் கொடுத்தார். முந்தைய நாள் அதைச் செய்ததே அவருக்கு ஞாபகமில்லை; ஆனாலும் கை நாளுக்கு நாள் தேறியது. நினைவு என்பது ஒரே பொருள் இல்லை, அதில் வெவ்வேறு வகைகள் உண்டு, அவை மூளையின் வெவ்வேறு பகுதிகளைச் சார்ந்திருக்கின்றன என்ற புரிதல் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. அதற்கு மில்னரிடம் இருந்த கருவி, நன்றாக யோசித்து அமைத்த ஒரு சோதனை.

எரிக் கேண்டல் கல்லூரியில் படித்தது வரலாறும் இலக்கியமும். மனப்பகுப்பாய்வில் ஆர்வம் வந்து மருத்துவம் படித்தார். அங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போய், ஏப்ளிசியா என்ற கடல் உயிரியில் நினைவைத் தேடினார். அதன் நரம்பு மண்டலத்தில் ஏறக்குறைய 20,000 நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள்தான், அவற்றில் சில வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. கற்கும்போது இரண்டு நியூரான்களுக்கு இடையிலான இணைப்பான சினாப்ஸின் வலு மாறுகிறது என்பதையும், அதன் பின்னால் எந்த மூலக்கூறுகள் வேலை செய்கின்றன என்பதையும் அவர் குழு காட்டியது. 2000-ல் நோபல் கிடைத்தது. ஜான் ஓகீஃப் பகலில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் வானூர்திப் பொறியியல் படித்தவர், பிறகு உளவியலுக்கு மாறினார். எலியின் ஹிப்போகேம்பஸில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் மின்துடிப்பு எழுப்பும் செல்களை 1971-ல் அறிவித்தார். இயற்பியலாளரான ஜான் ஹாப்ஃபீல்ட் 1982-ல், பல எளிய அலகுகள் சேர்ந்த வலைப்பின்னல் எப்படி ஒரு நினைவைச் சேமித்து, அரைகுறைத் தடயத்திலிருந்து முழுசாக மீட்கும் என்று கணிதத்தில் காட்டினார். அதற்காக 2024-ல் இயற்பியல் நோபல் பெற்றார்.

எல்லோரும் நினைவைத்தான் படித்தார்கள். ஆனால் ஒருவர் மனிதரின் நடத்தையில் படித்தார், ஒருவர் மூலக்கூறில், ஒருவர் உயிருள்ள விலங்கின் ஒற்றைச் செல்லில், ஒருவர் சமன்பாட்டில். எனவே எனக்கு நினைவாற்றல் பிடிக்கும் என்று சொல்வது முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போதாது. எந்த மட்டத்தில் அதைப் பார்க்க ஆசை என்று சொல்லத் தெரிய வேண்டும். நீங்கள் முன்பு படித்த பாடம் கைகொடுப்பது அங்கேதான்.

இப்போது ஒவ்வொரு பின்னணியாகப் பார்ப்போம்.

இயற்பியல், கணிதம், பொறியியல், கணினி படித்தவர்களுக்கு இந்தத் துறையில் இடம் அதிகம். இன்றைய பதிவுக் கருவிகள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான நியூரான்களின் துடிப்பைப் பதிகின்றன. அந்தத் தரவைக் கையாளத் தெரிந்தவர்கள் எல்லா ஆய்வுக்குழுவுக்கும் தேவை. இதற்கு ஒரு நல்ல மரபும் உண்டு. 1952-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற உடலியலாளர்கள் கணவாயின் ராட்சத ஆக்ஸானில் (நியூரானின் நீண்ட இழையில்) மின்முனையைச் செருகி அளந்ததை நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்கள். கையால் சுழற்றும் கணக்குப் பொறியில் ஹக்ஸ்லி அவற்றைத் தீர்த்தபோது, நியூரானின் மின்துடிப்பு அதே வடிவத்தில் கணக்கிலிருந்து வந்தது. சோடியம், பொட்டாசியம் அயனிகள் நியூரானின் சவ்வு வழியாக எப்படிப் போகின்றன என்பதை, அவை கடந்துபோகும் சிறு வழியான அயனிக் கால்வாயைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தச் சமன்பாடுகள் சொல்லிவிட்டன. ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தை 1976-ல் சக ஆய்வாளர் பெர்ட் சாக்மனோடு சேர்ந்து அளந்த எர்வின் நேயரும் இயற்பியல் படித்தவர்தான்.

ஆனால் இந்தப் பின்னணியில் வருபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உயிரியல் என்பது மனப்பாட விவரங்களின் குவியல், தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. அந்த நினைப்போடு வந்தால் முதல் பருவத்திலேயே சிரமம். தரவில் தெரியும் வித்தியாசம் மூளையுடையதா, அல்லது விலங்கு அன்று தூங்காததாலா, மின்முனை கொஞ்சம் நகர்ந்ததாலா என்று பிரித்தறிய உயிரியல் தெரிந்தாக வேண்டும். சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவுக்கு 302 நியூரான்கள்தான். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வெளியானது. இன்றும் அந்த வரைபடத்தை மட்டும் வைத்து அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று சொல்லிவிட முடியாது. நியூரான்களுக்கு வெளியே பரவும் வேதிப்பொருள்கள் அதே சுற்றை வேறு மாதிரி நடக்க வைக்கின்றன. இணைப்பு தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிற பொறியாளர்கள் இந்தப் புழுவைப் பற்றிக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன். சவ்வு மின்னழுத்தம், சினாப்ஸ் வேலை செய்யும் விதம், நியூரான்களுக்கு இடையே செய்தி கொண்டுபோகும் முக்கியமான நரம்புக்கடத்திகள், மூளையின் பெரும் பகுதிகள் எங்கே இருக்கின்றன என்ற உடற்கூறு: இந்த நான்கும் சேர்வதற்கு முன்பே பழகியிருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

உளவியல் படித்தவர்கள் தங்களைக் குறைவாக மதிப்பிட்டுக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். அது தேவையில்லை. ஒரு சோதனையை எப்படி அமைத்தால் வேறு விளக்கங்களுக்கு இடமில்லாமல் போகும் என்று யோசிக்கும் பயிற்சி வேறு எந்தப் பட்டப்படிப்பிலும் இவ்வளவு கிடைப்பதில்லை. மூளையின் படங்கள் எவ்வளவு அழகாக வந்தாலும், ஸ்கேனருக்குள் படுத்திருப்பவரிடம் கொடுத்த பணி மோசமாக இருந்தால் அந்தப் படத்துக்கு அர்த்தமில்லை. மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அளப்பது நியூரானின் துடிப்பையே அல்ல, அதைத் தொடர்ந்து ரத்தத்தில் ஏற்படும் ஆக்சிஜன் மாற்றத்தை. நியூரானின் துடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டில் முடிகிறது. ரத்தத்தின் மாற்றம் உச்சத்துக்குப் போக ஐந்தாறு செகண்டு ஆகிறது. படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்குள்ளும் லட்சக்கணக்கான நியூரான்கள் இருக்கும். இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டு சோதனை அமைப்பவர்தான் நல்ல முடிவைத் தருவார். உளவியல் மாணவர்களுக்கு இல்லாதது பெரும்பாலும் கணக்கும் நிரலும்தான். நேரியல் இயற்கணிதம், கொஞ்சம் நுண்கணிதம், பைத்தான். ஆறு மாதம் தினமும் கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் தொடங்குவதற்குப் போதுமான அளவு வந்துவிடும்.

உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், பார்மசி, விலங்கியல் படித்தவர்கள் வகுப்பில் முதலில் சுலபமாக உணர்வார்கள். அயனிக் கால்வாய், ஏற்பி (செல்லில் வேதிச் செய்தியைப் பெறும் புரதம்), மரபணு எல்லாம் தெரிந்த சொற்கள். அவர்களுக்கு ஆபத்து அங்கேயே தங்கிவிடுவது. ஒரு புரதத்தை நீக்கினால் எலியின் நடத்தை மாறுகிறது என்பதற்கும், அந்தப் புரதம் அந்த நடத்தையை எப்படி உண்டாக்குகிறது என்பதற்கும் நடுவில் நியூரான் சுற்று, அதாவது ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்யும் நியூரான்கள், என்ற ஒரு பெரிய படி இருக்கிறது. அதைத் தாண்டிப் பழக வேண்டும். அப்புறம் இவர்களுக்கும் நிரல் எழுதத் தெரிய வேண்டும். பார்மசி படித்தவர்களுக்கு மருந்து ஏற்பியில் செய்யும் வேலை நன்றாகத் தெரியும் என்பதால், மனநோய் மருந்துகள், வலி, போதைப் பழக்கம் பற்றிய ஆய்வுகளில் இயல்பாகப் பொருந்துவார்கள்.

மொழியியல், தத்துவம் படித்தவர்களுக்கு வாசல் கொஞ்சம் குறுகல், ஆனால் திறந்தே இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் பொருந்தாத சொல் வந்தால், அதைப் பார்த்த சுமார் 400 மில்லிசெகண்டில் மூளையில் ஒரு குறிப்பிட்ட மின் அலை எழுகிறது என்பதை 1980-ல் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும், தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் காட்டினார்கள். அங்கிருந்து வளர்ந்த மொழி நரம்பியல் இன்று ஒரு தனி உலகம். அங்கே இலக்கணம் ஆழமாகத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். இவர்கள் பொதுவான நியூரோசயின்ஸ் படிப்பைவிட, அறிவாற்றல் நரம்பியல் அல்லது அறிவாற்றல் அறிவியல் என்று பெயர் தாங்கிய படிப்புகளைத் தேடுவது நல்லது.

எல்லாப் பின்னணிக்கும் பொதுவாக நான் அழுத்திச் சொல்வது புள்ளியியல். ஐந்து எலிகளிடமிருந்து தலா இருபது நியூரான்களைப் பதிவு செய்தால் உங்களிடம் நூறு சுதந்திரமான அளவீடுகள் இருக்கின்றனவா? இல்லை. ஒரே எலியின் செல்கள் ஒன்றுக்கொன்று சார்ந்தவை. அதை மறந்து நூறு என்று கணக்குப் போட்டால், இல்லாத விளைவு இருப்பதாகத் தோன்றும். இந்தத் தவறு வெளியான கட்டுரைகளிலேயே தென்படுகிறது. 2013-ல் கேத்தரின் பட்டனும் உடன் ஆய்வாளர்களும் நரம்பியல் ஆய்வுகளை அலசி, அவற்றின் புள்ளியியல் திறனின் இடைநிலை அளவு ஏறக்குறைய 21 சதவீதம்தான் என்று மதிப்பிட்டார்கள். அதாவது, உண்மையிலேயே ஒரு விளைவு இருந்தால்கூட அதைப் பிடிக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. விலங்குகளின் உயிரையும் மக்களின் வரிப்பணத்தையும் செலவழித்துச் செய்யும் வேலையில் இது சாதாரண விஷயம் இல்லை. எனவே ஒரு முதுகலைப் படிப்பின் பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது புள்ளியியலுக்கும் தரவுப் பகுப்பாய்வுக்கும் எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பெயருக்கு ஒரு வாரம் இருந்தால் அந்தப் படிப்பைப் பட்டியலில் கீழே தள்ளுவேன்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது ஆய்வுக்கூட நேரம். ஒரே ஆண்டில் முடியும் படிப்பும் உண்டு, இரண்டு ஆண்டுப் படிப்பும் உண்டு. பாடம் மாறி வருபவர்களுக்கு நான் பொதுவாக இரண்டாண்டுப் படிப்பையே சொல்வேன். முதலாண்டு இடைவெளிகளை நிரப்பவே போய்விடும்; ஆய்வு என்றால் என்ன என்று புரிவது இரண்டாவது ஆண்டில்தான். இரண்டு மூன்று குழுக்களில் சில வாரங்கள் மாறி மாறி வேலை செய்ய விடும் சுழற்சி முறை இருந்தால் இன்னும் நல்லது. பிடிக்கும் என்று நினைத்த வேலை பிடிக்காமல் போவதும், எதிர்பாராத ஒன்று பிடித்துப்போவதும் அங்கேதான் தெரியும். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் செல்-மூலக்கூறு நரம்பியல், நடத்தை நரம்பியல், கணினிசார் நரம்பியல் என்று தனித்தனித் தடங்கள் இருக்கின்றன. மேலே சொன்ன மட்டத்தைத் தேர்ந்தெடுப்பது அங்கே விண்ணப்பத்திலேயே வந்துவிடுகிறது. அதே நாட்டின் கோட்டிங்கனில் முதல் ஆண்டைத் தீவிரமாக முடித்து, தேர்வில் தேறியவர்கள் நேராகப் பிஎச்.டி.க்குப் போகும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. பெரும்பாலானவர்கள் இளங்கலை முடித்ததும் உதவித்தொகையோடு கூடிய பிஎச்.டி.க்கே விண்ணப்பிக்கிறார்கள், முதுகலைக்குச் சொந்தப் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வுதான் செய்யப் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தால், கடன் வாங்கி முதுகலை சேர்வதற்கு முன் இந்த வழியையும் பாருங்கள்.

விலங்கு ஆய்வு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுற்று, செல் மட்டத்தில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி எலி, சுண்டெலி, ஈ, மீன் போன்ற உயிர்களை வைத்துத்தான் நடக்கிறது. அதற்குக் கடுமையான விதிகள் உண்டு. விலங்குக்கு மாற்று இருந்தால் அதைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று ரஸ்ஸல், பர்ச் என்ற ஆய்வாளர்கள் 1959-ல் வகுத்த கொள்கை இன்றும் அடிப்படை. ஆனாலும் எல்லோருக்கும் மனம் ஒப்பாது. ஒப்பவில்லை என்றால் அதில் தவறொன்றும் இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் இ.இ.ஜி., எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வும் கணினி மாதிரிகளும் இருக்கின்றன. சேர்ந்த பிறகு தவிப்பதைவிட, கட்டாய விலங்குப் பயிற்சி உண்டா என்று முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

தயாரிப்புக்கு என்ன செய்யலாம்? வெறும் பாட வீடியோ பார்ப்பதைவிடக் கையால் செய்து பார்ப்பது பல மடங்கு உதவும். உள்ளே வரும் மின்னோட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போய், ஓர் எல்லையைத் தொட்டதும் துடிக்கும் எளிய நியூரான் மாதிரி ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆய்வாளர் லாபிக் 1907-ல் முன்வைத்த யோசனையிலிருந்து வந்தது. பைத்தானில் இருபது முப்பது வரியில் அதை எழுதிவிடலாம். மின்னோட்டத்தைக் கூட்டினால் துடிப்பின் வேகம் எப்படி மாறுகிறது என்று வரைபடம் போடுங்கள். அடுத்து ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகளை எழுதிப் பாருங்கள். பிறகு உண்மைத் தரவு. அமெரிக்காவில் மூளையை ஆராயும் ஆலன் நிறுவனம், சுண்டெலியின் பார்வைப் புறணியில் (மூளையில் பார்வையைக் கையாளும் மேற்பகுதியில்) பதிந்த தரவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. மூளை ஸ்கேன் தரவுக்கு ஓப்பன்நியூரோ என்ற இணையதளம் இருக்கிறது. 2020-ல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமியின் கணினிசார் நரம்பியல் பாடங்களும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. ஒரு தரவுத் தொகுப்பை எடுத்து, ஒரு சின்னக் கேள்வி கேட்டு, ஒரு படம் வரைந்து, இரண்டு பக்கம் எழுதி வைத்தால், விண்ணப்பத்தில் அது சான்றிதழ்களைவிட உரக்கப் பேசும்.

நிரல் பக்கம் போக விருப்பமில்லாதவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதன் செய்முறைப் பகுதியை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள். எந்த வரியில் புரியாமல் நிற்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டே போனால், நீங்கள் படிக்க வேண்டியது என்ன என்ற பட்டியல் தானாக வந்துவிடும். பின்னணிக்கு ஏற்றபடி அந்தப் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே முன்தயாரிப்புப் பட்டியல் தர நான் விரும்பவில்லை.

படித்து முடித்த பிறகு? இதில் தெளிவாக இருங்கள். நியூரோசயின்ஸ் முதுகலை உங்களை மருத்துவர் ஆக்காது. பக்கவாதமோ பார்க்கின்சனோ வந்தவருக்குச் சிகிச்சை அளிக்க மருத்துவப் படிப்பு வேண்டும். மனநல ஆலோசனை தர மருத்துவ உளவியல் போன்ற உரிமம் பெறும் படிப்பு வேண்டும். நோயாளிகளோடு இருப்பதுதான் ஆசை என்றால் இந்தப் பட்டம் சுற்றுவழி. முதுகலையோடு நிறுத்துபவர்களுக்கு ஆய்வு உதவியாளர், மருந்துச் சோதனைகளை ஒருங்கிணைக்கும் வேலை, மூளைப் படப்பிடிப்பு மையங்களில் தரவு வேலை, அறிவியல் எழுத்து போன்றவை கிடைக்கும். நிரல் நன்றாக வந்தவர்கள் தரவு அறிவியலுக்கும் மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கும் போகிறார்கள். சொந்தமாக ஆய்வு நடத்த வேண்டும் என்றால் பிஎச்.டி. அவசியம். அதற்கு நாட்டைப் பொறுத்து மூன்று முதல் ஆறு ஆண்டுகள் பிடிக்கும், அதற்குப் பிறகும் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு. கேள்வியின் மேல் உண்மையான பற்று இல்லாமல் அந்தக் காலத்தைக் கடப்பது கஷ்டம்.

விண்ணப்பக் கடிதத்தில், சிறுவயதிலிருந்தே மூளை என்னை வியக்க வைத்தது என்று தொடங்காதீர்கள். தேர்வுக் குழு அந்த வரியைப் பலமுறை பார்த்திருக்கும். உங்கள் கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். அதைப் பற்றி இதுவரை தெரிந்ததில் உங்களுக்கு எது போதவில்லை என்று எழுதுங்கள். முன்பு படித்த பாடத்திலிருந்து என்ன கொண்டுவருகிறீர்கள், எது இல்லை, அதை நிரப்ப ஏற்கெனவே என்ன செய்தீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். இல்லாததை மறைப்பவரைவிட, அதைத் தெரிந்து வேலை செய்பவரையே குழுக்கள் நம்பும். ஒரு பேராசிரியருக்கு நேரடியாக எழுதுவதென்றால் அவருடைய குழுவின் அண்மைக் கட்டுரைகளில் ஒன்றிரண்டையாவது படித்து, அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பெயரைத் தேடி அலைய வேண்டாம். நீங்கள் ஒரு வேலையைத் தொடங்கி, தடுமாறி, முடித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த ஆசிரியர் எந்தத் துறையைச் சேர்ந்தவரானாலும் அவரிடம் கேளுங்கள். கெடு தேதிக்கு ஆறு வாரம் முன்பாவது, உங்கள் கடிதத்தின் நகலோடு சேர்த்துக் கேளுங்கள்.